ஆறு பொது, கிணறு யாருடையது?

எட்டாம் வகுப்பில் நீரியல் சுழற்சி நடத்திக்கொண்டிருந்தேன். ஆவியாதல், மழைப்பொழிவு, ஊடுருவல் என்று கரும்பலகையில் அம்புக்குறிகள் போட்டு முடித்திருந்தேன். "மண்ணுக்குள் இறங்கும் நீர்தான் கிணறுகளில் ஊறுகிறது" என்று சொன்னதும் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"எங்க கிணத்துல ஊறலையே டீச்சர். பக்கத்துத் தோட்டத்துல போர் போட்டாங்க. அதுலேருந்து ஊத்தே நின்னுருச்சு."

அந்தப் பக்கத்துத் தோட்டத்துக்காரரின் மகனும் அதே வகுப்புதான். உடனே எழுந்தான். "எங்க நெலத்துல எங்கப்பா போட்டாரு. உங்க கிணத்துக்குள்ள வந்தா எடுத்தாரு?"

வகுப்பு இரண்டாகப் பிரிந்து சத்தம் போடத் தொடங்கியது. பாடவேளை முடிய ஐந்து நிமிடங்கள்தான் இருந்தன. சண்டையை நிறுத்துவதற்காக, "அவரவர் நிலத்துத் தண்ணீர் அவரவருக்கு. இரண்டு பேரும் உட்காருங்கள்" என்றேன்.

முன்வரிசையில் அதிகம் பேசாத மாணவி ஒருத்தி உண்டு. பெற்றோர் இருவரும் கூலி வேலைக்குப் போகிறவர்கள். அவள் மெதுவாகக் கேட்டாள்: "எங்களுக்கு நெலமே இல்லையே டீச்சர். அப்ப எங்களுக்குத் தண்ணி?"

மணி அடித்துவிட்டது. அவளுக்கு நான் பதில் சொல்லவில்லை. சொல்வதற்கு என்னிடம் பதிலும் இல்லை. அவள் வீட்டுக்குத் தெருக்குழாயில்தான் தண்ணீர். அந்தக் குழாய்க்கு நீர் ஏற்றும் ஊராட்சி ஆழ்குழாய்க் கிணறு, நான் மேலே சொன்ன தோட்டத்துக்கு அருகில்தான் இருக்கிறது.

அன்று மாலை முதல் இதுபற்றித் தேடிப் படித்தேன். வழக்கறிஞராக இருக்கும் என் பழைய மாணவர் ஒருவரிடமும் ஐயங்களைக் கேட்டுக்கொண்டேன். நான் அவசரத்தில் சொன்ன பதில் பாதிதான் சரி என்று தெரிந்தது. அந்தப் பாதியும் எப்படி வந்தது என்று தெரிந்துகொண்டபோது, இதைக் குழந்தைகளுக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றியது. அடுத்த வாரம் நான்கு பாடவேளைகளில் இந்தப் பாடத்தை மறுபடி நடத்தினேன். அந்த அனுபவத்தை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதல் பாடவேளை: தொட்டிக்குள் ஓர் ஊர்

தேவையானவை: அகலமான பிளாஸ்டிக் தொட்டி, கழுவிய மணல், சிறு ஜல்லி, கை கழுவும் திரவ பாட்டிலில் இருக்கும் அழுத்தும் பம்பு, ஒரு துண்டு மெல்லிய துணி, நூல், கொஞ்சம் நீல மை. எல்லாம் பள்ளியிலும் குழந்தைகளின் வீட்டிலும் கிடைத்தவை.

தொட்டியின் அடியில் ஜல்லியைப் பரப்பி மேலே மணலை நிரப்பினோம். நடுவில் விரலால் ஒரு பள்ளம் இழுத்தோம். அதுதான் ஆறு. மணல் நனைந்து, பள்ளத்தில் விரற்கடை அளவு நீர் தேங்கும்வரை தொட்டியின் ஓரங்களில் மெதுவாகத் தண்ணீர் ஊற்றினோம். ஆற்றுக்குள் யாரும் ஒரு சொட்டுக்கூட ஊற்றவில்லை. ஆனாலும் ஆற்றில் தண்ணீர் வந்தது. மழை இல்லாத மாதங்களிலும் சில ஆறுகளில் நீர் ஓடுவது இப்படித்தான் என்று விளக்கினேன். கரையோர நிலத்தடி நீர் கசிந்து ஆற்றுக்கு வருகிறது.

அடுத்து பம்பின் குழாய் முனையில் துணியைச் சுற்றிக் கட்டி, ஆற்றுக்கு ஒரு சாண் தள்ளி மணலில் இறக்கினோம். அது போர். குழந்தைகள் முறை வைத்து அழுத்தினார்கள். நூறு முறைக்கு மேல் அழுத்தியபின் ஒருவன் கத்தினான்: "டீச்சர், ஆறு வத்துது!" எல்லாரும் தொட்டியைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். பம்பு ஆற்றைத் தொடவே இல்லை. ஆனால் ஆறு குறைந்தது.

பிறகு இதையே திருப்பிச் செய்தோம். ஆற்றில் தண்ணீர் ஊற்றியதும், மணலில் குத்தி வைத்திருந்த ஸ்ட்ராவுக்குள் நீர்மட்டம் ஏறியது. ஆறு கிணற்றுக்குக் கொடுத்தது. கடைசியாக ஆற்றில் சில துளி மை விட்டு மீண்டும் அழுத்தினோம். சற்று நேரத்தில் பம்பிலிருந்து வந்த நீர் வெளிர்நீலமாக இருந்தது.

ஒன்றை மறக்காமல் சொல்லிவிட வேண்டும். நம் மாநிலத்தின் பெரும்பகுதி கடும்பாறைப் பகுதி. அங்கே நீர் மணலில் பரவுவதுபோல ஒரே சீராகப் பரவாது. பாறை வெடிப்புகள் வழியே செல்லும். அதனால் அடுத்தடுத்த இரண்டு கிணறுகளுக்குத் தொடர்பு இல்லாமலும் போகலாம், தூரத்துக் கிணறுகளுக்குத் தொடர்பு இருக்கவும் செய்யலாம். ஆற்றுப்படுகையிலும் கடலோர வண்டல் பகுதிகளிலும் தொடர்பு நேரடியாகத் தெரியும். "உன் போர்தான் என் கிணற்றை வற்ற வைத்தது" என்று நிரூபிப்பது கடினமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இதைச் சொன்னதும் போர் போட்ட வீட்டு மாணவன் முகம் கொஞ்சம் தெளிந்தது.

இரண்டாம் பாடவேளை: நீல அட்டை, பழுப்பு அட்டை

தண்ணீர் பற்றிய நம் உரிமைகளில் பலவற்றுக்கு அடிப்படை 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம். ஈஸ்மெண்ட் ஆக்ட் என்று வழக்கறிஞர்கள் சொல்வது இதைத்தான். இது முதலில் நடைமுறைக்கு வந்த பகுதிகளில் அன்றைய சென்னை மாகாணமும் ஒன்று. மத்திய மாகாணங்களும் குடகும் மற்றவை. அதன் 7ஆம் பிரிவில் நில உரிமையாளரின் இயற்கையான உரிமைகள் எடுத்துக்காட்டுகளோடு சொல்லப்பட்டுள்ளன. அவற்றில் நீர் தொடர்பானவற்றை எளிய தமிழில் இரண்டு அட்டைகளாக எழுதினேன்.

நீல அட்டை ஆற்றுக்கும் ஓடைக்கும் உரியது. இயற்கையான, வரையறுத்த வழியில் ஓடும் நீரை, கீழே உள்ள நிலத்துக்காரருக்கும் தடையில்லாமல் ஓட விட வேண்டும். அதன் அளவு, திசை, வேகம், வெப்பம் ஆகியவற்றைக் குறிப்பிடத்தக்க அளவு மாற்றக் கூடாது. கரையில் நிலம் உள்ளவர் குடிக்கவும் வீட்டுத் தேவைக்கும் கால்நடைக்கும் எடுக்கலாம். பாசனத்துக்கும் தொழிலுக்கும்கூட எடுக்கலாம். ஆனால் அதேபோன்ற உரிமை உள்ள மற்றவர்களுக்குப் பெரிய பாதிப்பு வரக் கூடாது. ஆறுகளின் நீரை ஒழுங்குபடுத்தும் அரசின் அதிகாரத்தையும் இந்தச் சட்டம் தொடவில்லை.

பழுப்பு அட்டை நிலத்தடி நீருக்கு உரியது. வரையறுத்த வழியில் ஓடாத நிலத்தடி நீரை, தன் நில எல்லைக்குள் சேகரித்துப் பயன்படுத்த ஒவ்வொரு நில உரிமையாளருக்கும் உரிமை உண்டு. அட்டை அவ்வளவுதான்.

இரண்டு அட்டைகளையும் அருகருகே வைத்து, "என்ன வேறுபாடு தெரிகிறது?" என்று கேட்டேன். குழந்தைகள் சீக்கிரமே கண்டுபிடித்தார்கள். நீல அட்டையில் அடுத்தவர் இருக்கிறார். பழுப்பு அட்டையில் அடுத்தவரே இல்லை.

இங்கே இரண்டு நுட்பங்களைக் கவனிக்க வேண்டும். நிலத்தடி நீர் நில உரிமையாளரின் சொத்து என்று சட்டம் சொல்லவில்லை. சேகரித்துக்கொள்ளும் உரிமையைத்தான் சொல்கிறது. நடைமுறையில் அது சொத்துபோலவே ஆகிவிட்டது. இன்னொன்று 17ஆம் பிரிவு. நெடுங்காலம் பயன்படுத்தி வந்ததால் சில உரிமைகள் ஒருவருக்குக் கிடைப்பதுண்டு. வண்டிப்பாதை உரிமை அப்படிப்பட்டது. ஆனால் வரையறுத்த வழியில் ஓடாத நிலத்தடி நீருக்கு அந்த முறையில் உரிமை கிடைக்காது என்கிறது அந்தப் பிரிவு. தாத்தா வெட்டிய கிணறு என்பதால் மட்டும் பக்கத்துப் போரைத் தடுத்துவிட முடியாது. கிணறு வற்றிய வீட்டு மாணவனுக்கு இதைச் சொல்வது எனக்கு எளிதாக இல்லை.

அப்போதுதான் ஒரு மாணவி கேட்டாள்: "ஆத்தங்கரையிலேருந்து அம்பதடி தள்ளி பட்டா நெலத்துல கிணறு வெட்டினா, அந்தத் தண்ணி நீல அட்டையா, பழுப்பு அட்டையா டீச்சர்?"

இந்தப் பாடம் முழுவதும் அந்தக் கேள்விக்குள் அடங்கிவிடுகிறது. தொட்டியில் பார்த்தபடி அது ஆற்றின் நீர்தான். 1882ஆம் ஆண்டுச் சட்டத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் அது பழுப்பு அட்டை. ஆற்றில் இருக்கும்வரை பத்துப் பேருக்குப் பொறுப்பான நீர், மணலுக்குள் ஐம்பது அடி நகர்ந்ததும் ஒருவருக்கு மட்டும் உரியதாகிவிடுகிறது.

ஏன் அப்படி எழுதினார்கள்?

இதற்கு இங்கிலாந்து வரை போக வேண்டியிருக்கிறது. லங்காஷயரில் ஒரு பருத்தி ஆலைக்கு நீர் தந்துகொண்டிருந்த கிணறு, அருகிலிருந்த நிலத்தில் நிலக்கரிச் சுரங்கம் தோண்டியதால் வற்றியது. ஆலைக்காரர் வழக்குத் தொடுத்தார். ஆக்டன் எதிர் பிளண்டல் என்னும் அந்த வழக்கில் 1843இல் தீர்ப்பு வந்தது. சுரங்கக்காரர் தம் நிலத்தில் தோண்டினார். அதனால் கிணறு வற்றினாலும் இழப்பீடு கேட்க முடியாது என்பது தீர்ப்பு. ஆறு எல்லார் கண்ணுக்கும் தெரிகிறது, பூமிக்கடியில் நீர் எந்த வழியில் செல்கிறது என்பது யாருக்கும் தெரியாது, ஆகவே ஆற்றுக்குரிய விதியை அதற்குப் பொருத்த முடியாது என்பது அன்றைய நீதிபதிகளின் வாதம். நம் 1882ஆம் ஆண்டுச் சட்டம் ஆங்கிலேயப் பொதுச்சட்டத்தின் இந்த வழியில்தான் வந்தது.

அந்தக் காலத்தில் அது நேர்மையான வாதம்தான். அன்று மாடு கட்டிக் கவலை இறைத்தார்கள். ஒரு நாளில் ஒருவர் எடுக்கக்கூடிய நீருக்கு மாட்டின் பலமே எல்லை. மின்மோட்டாரும் நூற்றுக்கணக்கான அடி ஆழத்துக்குத் துளையிடும் இயந்திரமும் வந்தபின் அந்த எல்லை போய்விட்டது. நிலத்தடி நீரின் ஓட்டத்தை இன்று அளக்கவும் கணிக்கவும் முடிகிறது. சட்டத்தின் அந்த வரி மட்டும் அப்படியே இருக்கிறது.

வீட்டுப் பத்திரத்தில் ஒரு பாடம்

இரண்டாம் பாடவேளையின் முடிவில் வீட்டுப்பாடமாக, வீட்டில் பழைய கிரையப் பத்திரம் இருந்தால் அதில் கிணறு பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பெரியவர்களைக் கேட்டு வரச் சொன்னேன். மறுநாள் நால்வர் எழுதி வந்தார்கள். "கிணற்றில் பொதுவில் நான்கில் ஒரு பாகம்", "ஆறில் ஒரு பாகமும் இறைவை முறைப் பாத்தியமும்" என்றெல்லாம் இருந்தது. அண்ணன் தம்பிகளுக்குள் நிலம் பிரிந்த பிறகும் கிணறு கூட்டாகவே இருந்திருக்கிறது. யாருக்கு எந்த நாள் இறைவை என்று முறை வைத்திருக்கிறார்கள்.

என் அப்பாவுக்கும் அப்படி ஒரு கூட்டுக் கிணற்றில் பங்கு இருந்தது. எங்கள் முறை வியாழக்கிழமை. பெரியப்பா வீட்டில் நாற்று வாடினால் அப்பா அரை நாளை விட்டுக்கொடுத்துவிட்டு, அடுத்த வாரம் வாங்கிக்கொள்வார். அந்தக் கிணற்றைச் சுற்றி ஒவ்வொரு வீடும் தனித்தனி போர் போட்டபின் முறையும் போயிற்று, கிணறும் தூர்ந்தது. எங்கள் வீட்டுப் போரும் அவற்றில் ஒன்று. இதையும் வகுப்பில் சொன்னேன். குற்றம் சொல்லும் இடத்தில் ஆசிரியர் மட்டும் நின்றுகொண்டால் குழந்தைகள் மனம் திறந்து பேசுவதில்லை.

நிலத்தடி நீரையும் முறை வைத்துப் பகிர முடியும் என்பது நம் மக்களுக்குத் தெரிந்த செய்திதான். ஆனால் ஒரே கிணற்றைச் சுற்றி நிற்கும் வரைதான் அந்த முறை செல்லுபடியானது. கண்ணுக்குத் தெரியாத ஒரே நீர்ப்படுகையைச் சுற்றி நிற்பவர்களுக்கு அப்படி ஒரு முறை இன்னும் அமையவில்லை.

மூன்றாம் பாடவேளை: நீதிமன்றத்தில் ஆறும் கிணறும்

மூன்று வழக்குகளை மூன்று குழுக்களுக்குக் கொடுத்தேன்.

முதல் குழுவுக்குக் காவிரி. 2007இல் காவிரி நடுவர் மன்றம் மொத்த நீர் 740 டி.எம்.சி. என்று கணக்கிட்டு, தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7 எனப் பிரித்தது. சுற்றுச்சூழலுக்கு 10, தவிர்க்க முடியாமல் கடலில் சேர்வதற்கு 4. உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16 அன்று அளித்த தீர்ப்பில் தமிழ்நாட்டின் பங்கு 404.25 ஆகக் குறைந்தது; கர்நாடகத்தின் பங்கு 284.75 ஆக உயர்ந்தது. மாறிய 14.75 டி.எம்.சி.யில் 4.75 பெங்களூருவின் குடிநீர்த் தேவைக்காக. மீதி 10 டி.எம்.சி.க்குச் சொன்ன காரணம்தான் நம் பாடம். தமிழ்நாட்டின் டெல்டா பகுதியில் நிலத்தடி நீர் இருக்கிறது. அதில் 10 டி.எம்.சி.யையாவது கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றது நீதிமன்றம். நடுவர் மன்றம் அந்த நிலத்தடி நீரைப் பங்கீட்டில் சேர்த்திருக்கவில்லை.

குழந்தைகள் முதலில் கணக்குப் போட்டார்கள். ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. ஒரு கன அடி ஏறத்தாழ 28.3 லிட்டர். அப்படியானால் 10 டி.எம்.சி. ஏறத்தாழ 28,300 கோடி லிட்டர். பிறகு குழுவை இரண்டாகப் பிரித்து வாதாடச் சொன்னேன். "ஒருவருக்கு ஆற்று நீரோடு நிலத்தடி நீரும் இருக்கிறது என்றால், பங்கு பிரிக்கும்போது அதையும் பார்ப்பதுதான் நியாயம்" என்றது ஒரு பக்கம். "டெல்டாவில் நிலத்தடி நீர் ஊறுவதே ஆற்றிலும் வாய்க்காலிலும் வயலிலும் தண்ணீர் நிற்பதால்தான். ஆற்று நீரைக் குறைத்தால் அதுவும் குறையும். ஒரே நீரை இரண்டு முறை எண்ணலாமா?" என்றது மறுபக்கம். இரண்டு பக்கமும் தொட்டியைக் காட்டித்தான் பேசின. தீர்ப்பு சரியா தவறா என்று நான் சொல்லவில்லை. மாநிலங்களுக்கிடையே ஆற்றைப் பங்கிடும்போது நிலத்தடி நீரையும் சேர்த்து எண்ணுகிறோம். ஓர் ஊருக்குள் மட்டும் இரண்டையும் தனித்தனியாக வைக்கிறோம் என்பதைச் சுட்டிக்காட்டினேன்.

இரண்டாம் குழுவுக்குத் தோல் தொழிற்சாலைக் கழிவு வழக்கு. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கழிவு விடப்பட்டது நிலத்திலும் ஓடைகளிலும், அது சேர்ந்தது பாலாற்றில், கெட்டது கிணறுகள். திண்டுக்கல் பகுதியில் 13 கிராமங்களில் எடுத்த ஆய்வில், குடிநீருக்கும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 மாசுபட்டிருந்ததாகத் தீர்ப்பிலேயே குறிப்பு உண்டு. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியாக உறுதிசெய்த முக்கியத் தீர்ப்பு இது. நீல மை பம்பில் வந்ததை நினைவூட்டினாலே குழந்தைகளுக்கு இது புரிந்துவிடுகிறது.

மூன்றாம் குழுவுக்குக் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்திலுள்ள பிளாச்சிமடை. குளிர்பான ஆலை ஒன்று தன் நிலத்திலிருந்து பெருமளவு நீர் எடுத்ததால் கிணறுகள் பாதிக்கப்பட்டன என்று மக்கள் போராடினார்கள். பெருமாட்டி ஊராட்சி உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2003 டிசம்பரில் கேரள உயர்நீதிமன்றத்தின் தனி நீதிபதி, நிலத்தடி நீர் மக்கள் அனைவருக்கும் உரியது, அரசு அதன் அறங்காவலர் மட்டுமே என்றார். 2005இல் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, நில உரிமையாளர் நியாயமான அளவு எடுக்கலாம் என்று மாற்றிச் சொன்னது. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. 2017இல் ஆலையை மீண்டும் தொடங்கும் எண்ணம் இல்லை என்று நிறுவனம் தெரிவித்ததோடு முடிந்தது. ஆலை மூடப்பட்டது, ஆனால் நிலத்தடி நீர் யாருடையது என்ற கேள்விக்கு அந்த வழக்கில் இறுதி விடை வரவில்லை.

மாறி வருபவை

1882க்குப் பிறகு ஒன்றுமே மாறவில்லை என்று குழந்தைகள் நினைத்துவிடக் கூடாது. இவற்றைக் கரும்பலகையில் எழுதினேன்.

• தூய்மையான நீரைப் பெறுவது, அரசியலமைப்பின் 21ஆம் உறுப்பு தரும் உயிர் வாழும் உரிமையில் அடங்கும் என்று 1991இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

• பியாஸ் ஆற்றின் போக்கை மாற்றிய விடுதி தொடர்பான வழக்கில் 1996இல், இயற்கை வளங்களுக்கு அரசு உரிமையாளர் இல்லை, மக்களுக்காகப் பாதுகாக்கும் அறங்காவலர் என்ற கோட்பாட்டை அதே நீதிமன்றம் ஏற்றது.

• நீதிமன்ற ஆணையைத் தொடர்ந்து 1997இல் மத்திய நிலத்தடி நீர் ஆணையம் அமைந்தது.

• மகாராட்டிரம் 1993இல் குடிநீரைக் காக்கச் சட்டம் இயற்றியது. பொதுக் குடிநீர் ஆதாரத்திலிருந்து 500 மீட்டருக்குள், அதே நீர்ப்பிடிப்புப் பகுதியில், அனுமதியில்லாமல் புதிய கிணறு தோண்ட அது தடை விதித்தது.

• தமிழ்நாட்டில் சென்னைப் பெருநகர்ப் பகுதிக்கு 1987இல் ஒரு சட்டம் வந்தது. கிணறு தோண்ட அனுமதி, நீரை எடுத்துச் சென்று விற்க உரிமம் என்ற முறையைக் கொண்டுவந்தது அது. மாநிலம் முழுமைக்குமான நிலத்தடி நீர்ச் சட்டம் 2003இல் இயற்றப்பட்டு, 2013இல் நீக்கப்பட்டது.

நீர், மாநிலப் பட்டியலில் 17ஆவது இனம். மாநிலங்களுக்கிடையேயான ஆறுகள் ஒன்றியப் பட்டியலில் 56ஆவது இனம். குடிநீரும் நீர் மேலாண்மையும் ஊராட்சிகளுக்குரிய பதினோராம் அட்டவணையில் உள்ளன. குடிமையியல் பாடத்தில் மனப்பாடமாகப் போகும் பட்டியல்கள், தெருக்குழாயோடு சேர்த்துச் சொன்னால் நினைவில் நிற்கின்றன.

நான்காம் பாடவேளை: வகுப்பறையில் கிராம சபை

தலைவர், உறுப்பினர்கள், போர் வைத்திருப்பவர்கள், கிணறு வற்றியவர்கள், நிலமற்றவர்கள் என்று வேடம் பிரித்தேன். ஒரு மாற்றம் மட்டும் செய்தேன். போர் போட்ட வீட்டு மாணவனுக்குக் கிணறு வற்றியவர் வேடம். கிணறு வற்றிய வீட்டு மாணவனுக்குப் போர்க்காரர் வேடம்.

போர்க்காரராக நடித்தவன் பேசியது என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. "கடன் வாங்கிப் போர் போட்டேன். வாழை வெச்சிருக்கேன். மூடச் சொன்னா கடனை யாரு கட்டுவா?" தன் எதிர்வீட்டு நியாயத்தை அவன் எப்போதோ கேட்டிருக்கிறான், அன்றுதான் வாய்விட்டுச் சொன்னான். யாரையும் மூடச் சொல்லும் தீர்மானம் சபையில் நிறைவேறவில்லை. நிறைவேறியவை இவை: குடிநீர்தான் முதல் தேவை, ஊராட்சித் தொட்டிக்கு நீர் ஏற்றும் நேரத்தில் அருகிலுள்ள தோட்டங்களில் மோட்டாரை நிறுத்தி வைக்கலாம், புதிய போர் போடுமுன் ஊராட்சியில் சொல்ல வேண்டும், ஓடையைத் தூர்வாரித் தடுப்பணைக்குப் பின்னால் நீர் நிற்கச் செய்ய வேண்டும், மாதம் ஒருமுறை நீர்மட்டத்தை அளந்து எழுதி வைக்க வேண்டும்.

நிலமற்றவராகப் பேச முன்வரிசை மாணவியே முன்வந்தாள். "எங்களுக்கு நெலம் இல்ல. ஆனா தாகம் இருக்கு. அதனால எங்களையும் கேட்டுட்டுத்தான் முடிவு செய்யணும்" என்றாள். அவ்வளவுதான் பேசினாள்.

அவளுக்குத் தர வேண்டிய பதிலை அன்று சொன்னேன். "அன்றைக்கு நான் சொன்னது முழுப் பதில் இல்லை. நிலத்தோடு வரும் உரிமை ஒன்று இருக்கிறது. அது பழைய சட்டம். உயிரோடு வரும் உரிமை ஒன்று இருக்கிறது, அது அரசியலமைப்பு. உனக்குக் குடிநீர் தருவது ஊராட்சியின் கடமை, யாருடைய தயவும் இல்லை. இந்த இரண்டு உரிமைகளும் ஒரே தண்ணீரில் மோதும்போது என்ன செய்வது என்பதை நம் சட்டம் இன்னும் முழுதாக எழுதி முடிக்கவில்லை. அதை எழுதுபவர்கள் உங்களில் ஒருவராகக்கூட இருக்கலாம்."

நம் மாநிலத்தில் மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளன்றும் கிராம சபை கூடுகிறது. வகுப்புத் தீர்மானங்களில் நீர்மட்டம் அளப்பதையும் ஓடையைத் தூர்வாருவதையும் மனுவாக எழுதிப் பெற்றோர் வழியே கொடுத்தோம். தூர்வாரும் பணி இன்னும் நடக்கவில்லை. நீர்மட்டத்தை நாங்களே அளக்கத் தொடங்கிவிட்டோம். பள்ளி வளாகத்திலுள்ள பழைய கிணற்றில், ஒவ்வொரு மாதமும் முதல் வேலைநாளில், ஆசிரியர் முன்னிலையில், முடிச்சுப் போட்ட கயிற்றில் எடை கட்டி இறக்கி அளக்கிறோம். அளவு வகுப்பறைச் சுவரிலுள்ள அட்டவணையில் ஏறுகிறது. மழை பெய்த மாதம், ஆற்றில் நீர் வந்த மாதம், கோடை மாதம் எல்லாம் அந்தக் கோட்டில் தெரிகின்றன.

பெற்றோர் கூட்டத்தன்று தொட்டியைத் தாழ்வாரத்தில் வைத்திருந்தோம். போர் போட்ட தோட்டத்துக்காரர் வந்தார். மகன் விளக்கிக் காட்ட, அவரே சிறிது நேரம் பம்பை அழுத்திப் பார்த்தார். பிறகு, "தொட்டிக்குத் தண்ணி ஏத்துறது காலையில எத்தனை மணிக்கு டீச்சர்?" என்று கேட்டார். ஆறரை மணிக்கு என்றேன். தலையசைத்துவிட்டுப் போனார். மோட்டாரை நிறுத்துகிறாரா என்று நான் போய்ப் பார்க்கவில்லை. அவர் கேட்ட கேள்வியை மட்டும் வகுப்பில் சொன்னேன்.

செய்து பார்க்க விரும்பும் ஆசிரியர்களுக்கு

தொடக்க வகுப்புகளில் தொட்டிச் செயல்பாடு மட்டும் போதும். "கிணற்றுத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?" என்ற கேள்வியோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை இரண்டு அட்டைகளையும் சேர்க்கலாம். ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு வழக்குகளையும் அதிகாரப் பட்டியல்களையும் கொடுக்கலாம். கணக்கில் பின்னம், அலகு மாற்றம், வரைபடம்; அறிவியலில் ஊடுருவல்; தமிழில் மனு எழுதுதல் என்று மற்றப் பாட ஆசிரியர்களும் இணைந்துகொள்ளலாம்.

உங்கள் பகுதியின் நிலையையும் குழந்தைகள் தெரிந்துகொள்ளட்டும். ஓராண்டில் எடுக்கத்தக்க நீரில் எத்தனை சதவீதம் எடுக்கப்படுகிறது என்பதை வைத்து நம் மாநிலத்தில் பகுதிகளை வகைப்படுத்துகிறார்கள். 70 சதவீதம் வரை பாதுகாப்பானது. 70க்கு மேல் 90 வரை எச்சரிக்கை தேவைப்படும் நிலை. 90க்கு மேல் 100 வரை அபாய நிலை. 100ஐத் தாண்டினால், ஊறுவதைவிட அதிகமாக எடுக்கிறோம் என்று பொருள்.

ஒரு வேண்டுகோள். உள்ளூர்ச் சண்டைகளை வகுப்பில் பெயர் சொல்லிப் பேச வேண்டாம். வேடத்தை மாற்றிக் கொடுங்கள். மாநிலங்களுக்கிடையேயான வழக்கில் இரு பக்க வாதங்களையும் குழந்தைகளே சொல்லட்டும். "சட்டம் இப்படி இருக்கிறது" என்பதையும் "இப்படி இருந்தால் நல்லது" என்பதையும் கலந்துவிடாமல் தனித்தனியாகச் சொல்லுங்கள். நான் முதல் நாள் செய்த தவறு, சட்டத்தின் ஒரு வரியை முழு நியாயம்போலச் சொன்னதுதான். இப்போது நீரியல் சுழற்சிப் படம் வரையும்போது, ஆற்றுக்கும் கிணற்றுக்கும் இடையே இரண்டு பக்கமும் கூரான ஓர் அம்புக்குறியை மறக்காமல் போடுகிறேன்.